வட்டகொடையில் ஒரு சிவப்புக் கள்ளி

கிளிநொச்சியில் எமது மாதர் குழுவில் இருக்கும் ஓர் அக்கா, நான் மலையகம் போகிறேன் என்று அறிந்ததும் ஒரு வேலை தந்தார். “வட்டகொடையில எங்கட லயம் இன்னும் இருக்கோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ மிஸ்.” 1977 வன்செயலின் பின் வன்னிக்கு வந்து குடியேறிய தோட்டக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. அப்போது அவருக்கு ஆறு வயது. 2009இல் கணவரையும் இழந்தார்.

பதுளை ரயிலில் தலவாக்கலைக்கு அடுத்தது வட்டகொடை. சிறிய நிலையம், சுற்றிலும் தேயிலை. அக்கா சொன்ன அடையாளங்களை வைத்து விசாரித்து ஒரு பழைய லயத்தை அடைந்தேன். அது அவர்களுடையதுதானா என்று சொல்ல எவரும் இருக்கவில்லை. ஆனால் அதன் இஸ்தோப்பில் வெற்று மாஜரீன் டின்களில் கள்ளிச் செடிகள் வரிசையாக இருந்தன. பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பும் மஞ்சளுமாகச் சிறு பந்துகள். ஒன்று சேவல் கொண்டைபோல் மடிந்திருந்தது.

“பூ இல்ல புள்ள, செடியே அந்த நெறந்தான்” என்று சிரித்தார் வீட்டுக்கார அம்மா. தேயிலைத் தவறணையில் பல வருடம் வேலை செய்தவர்.

எமது ஊர் நாகதாளியும் இதே கள்ளிக் குடும்பம்தான். பச்சையம்தான் வெயிலைக் கொண்டு செடிக்கு உணவு சமைக்கிறது. அபூர்வமாக, முளைக்கும் நாற்று ஒன்றில் மரபணு மாறிப் பச்சையம் இல்லாமல் போகும். அப்போது உள்ளே மறைந்திருந்த சிவப்பும் மஞ்சளும் தெரியும். அழகுதான். ஆனால் அந்த நாற்றுக்குத் தானாகச் சமைத்துண்ண முடியாது. விதையின் சேமிப்பு முடிந்ததும் இறந்துவிடும். 1941இல் ஜப்பானில் வதனபே என்பவர் இத்தகைய சிவந்த நாற்றுகளைக் கண்டு, பச்சைக் கள்ளியில் ஒட்டிக் காப்பாற்றினார். இன்று ‘மூன் கக்டஸ்’ என்று உலகெங்கும் விற்பனையாவது அந்த வழி வந்ததே.

பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்த செடிகள் தாமே உயிர்வாழும், மெதுவாக வளரும். அவற்றில் முழுப் பச்சைக் கிளை வந்தால் அது முந்திக்கொள்ளும், வெட்டிவிட வேண்டும். கொண்டை வடிவம், வளரும் நுனி ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாக நீள்வதால் உண்டாவது. விதை போட்டால் அதே நிறமும் வடிவமும் வரும் என்று நம்ப முடியாது. குட்டியைப் பிரித்தே பெருக்க வேண்டும்.

ஒட்டும் முறையையும் அம்மா காட்டினார். வேரூன்றிய டிராகன் பழக் கொடித் துண்டின் தலையைச் சுத்தமான பிளேட்டால் சமமாக வெட்டுகிறார். குட்டியின் அடியையும் வெட்டி, இரண்டின் நடுவிலும் தெரியும் வட்டங்கள் தொடும்படி வைத்து ரப்பர் பட்டியால் கட்டுகிறார். இரண்டு கிழமை நிழலில் வைக்க வேண்டும். வெட்டில் தண்ணீர் பட்டால் அழுகிவிடும். மழை மாதங்களில் அவர் ஒட்டுவதில்லை.

“எவ்வளவு காலம் இருக்கும் அம்மா?”

“அடிச்செடி சில வருசத்துல களைச்சிரும் புள்ள. அதுக்கு முந்தி குட்டிய எடுத்து வேற அடியில வச்சிரணும்.”

“சொந்தக் காலில் நில்லுங்கள்” என்று கூட்டங்களில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பிள்ளைகளோடு தம்பி வீட்டில் ஒதுங்கியிருந்த ஒரு சகோதரிக்கும் அதையே சொன்னேன். அவள் தலை குனிந்ததன் காரணம் அன்று எனக்கு விளங்கவில்லை. தாங்குவதற்கு ஒருவர் தேவைப்படுவதில் வெட்கம் எதுவுமில்லை, சகோதரிகளே. தாங்குபவரும் களைப்பார் என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது. தம்பி ஒருவனே முழுப் பாரத்தையும் சுமக்காமல், அயலும் குழுவும் மாறி மாறித் தாங்க வேண்டும்.

இது பெரிய வருமானம் தரும் தொழில் அல்ல. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவுக்கு வரும் கூட்டத்துக்குச் சில செடிகள் விற்பதாக அம்மா சொன்னார். ஆகவே கடன் எடுத்துத் தொடங்க வேண்டாம். ஒரு கொடித் துண்டும் ஒரு குட்டியும் ஒரு பழைய டின்னும் போதும். வன்னியின் உலர்ந்த காற்று கள்ளிக்கு நல்லது. நடுப்பகல் வெயிலை மட்டும் மறையுங்கள்.

அம்மா ஒரு சிவப்புக் குட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். அதை அக்காவிடம் கொடுத்து, லயத்தை உறுதிப்படுத்த முடியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட வேலியில டிராகன் கொடி நிக்குது மிஸ். நாளைக்கே வெட்டி நடுவம்” என்றார்.