போகும் வழியும் மீளும் வழியும்

டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்து, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கு ஒரு குளிர்காலத்தில் சென்றேன். இடைத்தொலைவு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். ஏறக்குறைய 12½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மீள்வதற்கும் அவ்வளவு நேரமே ஆகும் என்று நானே கணக்கிட்டு, டோக்கியோவில் நோயுற்றிருந்த என் முதிய நண்பருக்கு வரும் வேளையை எழுதிவிட்டேன். திரும்பிய விமானமோ 14 மணி நேரத்திற்கு மேல் பறந்தது. நண்பர் உணவும் கொள்ளாமல் காத்திருந்தார். நான் நாணித் தலைகுனிந்தேன்.

"தொலைவை அளந்தீர், காற்றை எண்ணினீரா?" என்று அவர் புன்னகை புரிந்தார்.

ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே கடுங்காற்று ஓடுகிறது. அது கிழக்கே செல்லும் விமானத்தை உந்துகிறது. மேற்கே வருவதை எதிர்க்கிறது. வஸபுரோ ஓயிஷி என்னும் ஜப்பானிய அறிஞர், டட்டேனோ என்னும் ஊரில் பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்தார். பிறநாட்டாரும் அறியவேண்டுமென்று 1926-இல் எஸ்பெராண்டோ மொழியில் அதனை வெளியிட்டார். ஆயினும் அதைப் படித்தவர் சிலரே.

இருவழிக்கும் தொலைவு ஒன்றே, காலம் ஒன்றன்று. அன்று முதல், எக்கணக்கை முடிக்குமுன்னும் எதனை எண்ண மறந்தேன் என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.