ஏழாயிரம்பண்ணையில் இரண்டு மருந்துகள்

சாத்தூரில் பஸ் ஏறித் தென்மேற்கே சென்றால், கரிசல் மண்ணைத் தவிர வேறு துணையில்லாத சாலை ஒன்று ஏழாயிரம்பண்ணைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வழி நெடுகிலும் வயல்களுக்கு நடுவே சின்னஞ்சிறு அறைகள் தனித்தனியே நிற்கின்றன. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வெறும் நிலம். "இவ்வளவு இடத்தை வீணாக்கியிருக்கிறார்களே!" என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். வீண் அல்ல, ஓர் அறையில் தீப்பிடித்தால் மற்ற அறைகள் பிழைக்க வேண்டுமென்று விதிகள் விட்டுவைத்த இடைவெளி அது. பட்டாசுத் தொழிற்சாலை என்றால் வானளாவிய புகைபோக்கியைத் தேடுகிற பட்டணத்து வாசிகள் இங்கே ஏமாந்துதான் போவார்கள்.

ஊர் பழைய பாளையம். 1799-இல் கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக வெள்ளைக்காரர்கள் பறிமுதல் செய்த பாளையங்களில் இதுவும் ஒன்று. அந்தக் காலத்தில் பீரங்கி மருந்துக்கு அஞ்சாத ஊர், இந்தக் காலத்தில் வெடி மருந்தைக் கொண்டே வயிறு வளர்க்கிறது. வானம் பார்த்த பூமியில் வேறு என்ன செய்வது?

இங்கே 'மருந்து' என்ற சொல்லுக்கு முதல் பொருள் வைத்தியர் கொடுப்பது அல்ல. மருந்து கலப்பது, மருந்து அடைப்பது, மருந்து காய வைப்பது என்று நாள் முழுவதும் காதில் விழும். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்தது அந்த மருந்து. ஸ்ட்ரான்ஷியம் உப்பைச் சேர்த்தால் சிவப்பு ஒளி. செம்பு உப்பைச் சேர்த்தால் நீலம். பச்சை ஒளி தந்துவந்த பேரியம் உப்பை 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

தேநீர்க் கடையில் நம்முடன் பேசிக்கொண்டிருந்த முதியவர் முப்பது வருஷம் போர்மேனாக இருந்தவர். வயிற்றில் கட்டி என்று சந்தேகப்பட்டு, மதுரையில் 'பெட் ஸ்கேன்' எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குறித்த நாளில் வெறும் வயிற்றோடு விடியற்காலையில் புறப்பட்டுப் போயிருக்கிறார். "வெளியூரிலிருந்து மருந்து வந்து சேரவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"ஐயா, நாங்கள் செய்கிற மருந்து தீபாவளி வரை மாசக்கணக்காகக் கிடக்கிறது. ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்த ஆஸ்பத்திரி மருந்தை ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ள முடியாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை: முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் இந்த நூற்றாண்டின் வைத்திய விஞ்ஞானம் பாதி அடங்கியிருக்கிறது.

அந்த மருந்து ஒரு வகைச் சர்க்கரை. குளுகோஸில் ஓர் இடத்தில் ப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைப் பொருத்தியிருப்பார்கள். எப்.டி.ஜி. என்பது அதன் சுருக்கப் பெயர். புற்றுநோய்த் திசுக்கள் பெரும்பாலும் சர்க்கரைக்குப் பேராசை பிடித்தவை. ஆகவே அது அங்கே போய்ச் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து வரும் கதிர்களை யந்திரம் படம் பிடித்துவிடும். ஆனால் ப்ளோரின்-18 இயற்கையில் கிடைப்பதில்லை. செய்தாலும் நிற்பதில்லை. 110 நிமிஷத்தில் பாதி மறைந்துவிடும். அடுத்த 110 நிமிஷத்தில் மீதியில் பாதி. மறைந்தது எங்கே போயிற்று என்றால், எந்த ஆக்ஸிஜனிலிருந்து பிறந்ததோ அந்த ஆக்ஸிஜனாகவே மாறிவிட்டது!

அதைப் பிறப்பிக்கும் யந்திரந்தான் சைக்ளோட்ரான். 1930-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் என்பவர் அமைத்தது. பெரிய காந்தத்தின் நடுவே அணுத்துகளைச் சுழல விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரத்தால் ஒரு தள்ளு தள்ளி, வேகம் ஏறியதும் வெளியே விடுவது அதன் வேலை. ஊஞ்சலைத் தள்ளுகிற குழந்தைக்கும் இந்தத் தத்துவம் தெரியும். ஆஸ்பத்திரி சைக்ளோட்ரானில் வேகமேறிய புரோட்டான்கள் இரண்டு மூன்று மில்லிலிட்டர் தண்ணீரின்மேல் மோதுகின்றன. சாதாரணத் தண்ணீர் அல்ல. ஆக்ஸிஜனில் 500-க்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே உள்ள ஆக்ஸிஜன்-18 என்ற கனத்த இனத்தைத் திரட்டிச் செய்த விலையுயர்ந்த நீர். மோதலில் புரோட்டான் உள்ளே புக, ஒரு நியூட்ரான் வெளியேற, ஆக்ஸிஜன் ப்ளோரினாகிவிடுகிறது.

பிறகு அவசரம் ஆரம்பமாகிறது. அந்த நீரை மெல்லிய குழாய் வழியே ஈயச் சுவர் சூழ்ந்த பெட்டிக்குத் தள்ளுகிறார்கள். அங்கே ஒரு பிசின் அடுக்கு ப்ளோரினை மட்டும் பிடித்துக்கொண்டு நீரை விட்டுவிடும். பிடித்ததைக் கழுவி எடுத்து, ஈரம் சிறிதுமின்றி உலர்த்தி, மானோஸ் என்ற சர்க்கரையின் வழிப்பொருளோடு சேர்த்துக் காய்ச்சினால் ப்ளோரின் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சிய ப்ளோரினை ஒரு வடிகட்டி எடுக்கும். வேலைக்காகச் சேர்த்த ரஸாயனங்களை வேறொன்று எடுக்கும். கிருமிகளைக் கடைசி வடிகட்டி நிறுத்தும். எல்லாம் அரை மணியில் முடிந்துவிடும். பிறகு புளிப்பு, தூய்மை, பாதியாகும் காலம் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். கிருமி முளைக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கோ 14 நாள் வேண்டும். அதன் முடிவு வருவதற்கு வெகு முன்பே மருந்து நோயாளியின் உடலில் ஏறி, கதிரை உதிர்த்து, மறைந்தும் போயிருக்கும்! ஆகையால் தினமும் ஒரே முறையில் பிழையின்றிச் செய்யப் பழகுவதைத் தவிர வேறு காவல் இல்லை.

இத்தனையிலும் மனிதக் கை மருந்தைத் தொடுவதில்லை. சைக்ளோட்ரானைச் சுற்றிப் பருத்த கான்கிரீட் சுவர். ரஸாயனப் பெட்டிக்கு ஈயச் சுவர். வெளியே நின்று விசையை அழுத்துகிறார்கள். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள அறைகளிலோ மருந்துக்கும் கைக்கும் நடுவே ஒன்றும் இல்லை. சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி வெடித்த ஆலையில் பலர் மாண்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. இரண்டு மில்லிலிட்டர் நீருக்கு இவ்வளவு சுவர் எழுப்பத் தெரிந்த நாடு, மருந்து கலக்கும் கைகளுக்கும் இன்னும் சற்று யோசனை செலவிடலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இந்த வித்தையை நம் நாட்டார் கற்றதும் எளிதாக அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மேகநாத் ஸாஹா கல்கத்தாவில் சைக்ளோட்ரான் அமைக்கத் தொடங்கினார். காந்தத்தின் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து வந்துவிட்டன. காற்றை வெளியேற்றும் பம்புகளை ஏற்றிவந்த கப்பலை ஜப்பானியர் மூழ்கடித்துவிட்டார்கள். வேலை ஆண்டுக்கணக்கில் தாமதப்பட்டது. வைத்தியத்துக்கென்றே முதல் சைக்ளோட்ரான் பம்பாய்ப் பரேலிலுள்ள கதிரியக்க மருத்துவ நிலையத்தில் 2002-இல் வந்தது. கல்கத்தாவில் 2018-இல் இன்னும் பெரியது ஒன்று இயங்கத் தொடங்கியது. நம் பக்கத்தில் கோயம்புத்தூர் கே.எம்.சி.எச். ஆஸ்பத்திரியிலும் ஒன்று உண்டு.

கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். மோட்டாரில் நான்கு மணி நேரம் என்று கொள்வோம். புறப்படும்போது 100 பங்கு இருந்தால் வந்து சேரும்போது 22 பங்கு இருக்கும். வழியில் டயர் பஞ்சராகி ஒன்றே முக்கால் மணி நேரம் போனால் ஏறக்குறைய 11. ஆகவே நடு இரவில் தயாரித்து, தேவைக்கு நாலைந்து மடங்கு கூடுதலாக ஈயக் குடுவையில் அடைத்து, விடியுமுன் வண்டியை விரட்டுவது இத்தொழிலின் வழக்கம். முதன் முதலில் 1976-இல் இந்தச் சர்க்கரையை மனிதருக்குச் செலுத்தியபோதே, நியூயார்க்கை அடுத்த ப்ரூக்ஹேவனில் செய்து பிலடெல்பியாவுக்குச் சிறிய ஆகாய விமானத்தில்தான் அனுப்பினார்கள்.

போர்மேன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் கிடக்கிற மருந்து ஒன்றுகூடக் கிடையாதா?" என்றார். ஒன்று உண்டு. ஜெர்மேனியம்-68 என்ற அணுவும் சைக்ளோட்ரானில் செய்வதுதான். பாதியாக 271 நாள் ஆகும். அதை ஒரு சிறு குழலில் அடைத்து ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டால், அதிலிருந்து ஓயாமல் பிறக்கும் காலியம்-68 என்ற அணுவைப் பசுவிடம் பால் கறப்பதுபோல் தினமும் கறந்துகொள்ளலாம். ஆனால் அது காட்டித் தரும் கட்டிகள் வேறு ரகம். சர்க்கரை தேடும் கட்டிக்குச் சைக்ளோட்ரான் ஊர் வண்டியே வந்தாக வேண்டும்.

அவருக்கு மறுபடியும் வியாழக்கிழமை காலை என்று சொல்லியிருக்கிறார்களாம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து மதுரைக்கு அவர் போகிற நேரமும் ஏறக்குறைய அந்த 110 நிமிஷந்தான்.