ஓட இயலாதவர் ஆட்டம்

2021 ஜனவரி 11. முழங்காலில் அடிபட்டுப் பினாங்கு ஜார்ஜ்டவுன் வீட்டில் முடங்கிக் கிடந்த நான், சிட்னியில் இந்தியா ஆடிய டெஸ்ட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டிருந்தேன். விஹாரிக்குத் தொடைத்தசை பிசகிவிட்டது. அஸ்வினுக்கோ கடும் முதுகுவலி. ஓட இயலாதவர் ஓட்டம் சேர்ப்பது எங்ஙனம்? அடிப்பதை விடுத்துத் தடுப்பதையே மேற்கொண்டனர். விஹாரி 161 பந்துகளில் 23. அஸ்வின் 128 பந்துகளில் 39. இருவரும் ஆட்டமிழக்கவில்லை, தோல்வியும் நேரவில்லை. "இதற்கா இத்தனை ஆரவாரம்?" என்றாள் மனைவி.

அடுத்த பிரிஸ்பேன் ஆட்டத்தில் இருவருமே இல்லை. டெஸ்டில் முதன்முறையாகக் களமிறங்கிய நம் வாஷிங்டன் சுந்தர், முதல் இன்னிங்சில் 62 ஓட்டங்கள் எடுத்தார். ஷர்துல் தாக்கூருடன் சேர்ந்து 123. இந்தியா வென்ற 19ஆம் நாள், ஊன்றுகோலை மறந்து வாயில்வரை நடந்துவிட்டேன். திரும்பி வரத்தான் துணை வேண்டியிருந்தது.