ரேடியோவுக்குள் ஒரு வண்டு

உங்கள் வீட்டில் எத்தனை கடிகாரங்கள் இருக்கின்றன? ஹாலில் ஒன்று, பெட்ரூமில் ஒன்று என்று இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். செல்போனுக்குள் ஒன்று, டி.வி-க்குள் ஒன்று, வாஷிங் மெஷினுக்குள் ஒன்று... எல்லாம் நேரம் காட்டாத கடிகாரங்கள். சிப் வைத்த பெரும்பாலான பொருள்களுக்குள் தாளம் போட ஒரு சர்க்யூட் உண்டு. அதற்கும் 'க்ளாக்' என்றுதான் பெயர். அந்தத் தாளத்துக்குத்தான் சிப் ஒவ்வொரு வேலையாகச் செய்கிறது.

தாளம் போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? சத்தம் வரத்தானே செய்யும். அந்தச் சத்தம் நம் காதுக்குக் கேட்காது. ரேடியோவுக்குக் கேட்கும்!

பி.காம். படித்த எனக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்தவர் தென்காசியில் ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி. 2003-ம் வருடம், குற்றால சீஸனைப் பற்றி எழுதப் போயிருந்தேன். தங்கியது தென்காசியில், பெரியம்மா வீட்டில். சர்க்கரை வியாதியில் பார்வை போய் ஐந்தாறு வருடமாகியிருந்தது பெரியம்மாவுக்கு. டி.வி. இருந்தும் பிரயோஜனமில்லை. அவருக்கு உலகமே ஒரு டிரான்சிஸ்டர்தான். பகலில் நெல்லை வானொலி, ராத்திரியில் இலங்கை வானொலி. தூக்கம் வராத இரவுகளில் பேச்சுத் துணையும் அதுதான்.

அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது வில்லங்கம். ''ரேடியோவுக்குள்ள வண்டு பூந்துருச்சுய்யா. பேச்சே கேக்க மாட்டேங்கு. கொர்ர்ருனு ஒரே இரைச்சல்'' என்றார் பெரியம்மா. அண்ணனோ சிரித்துக்கொண்டே, ''பெட்டியும் கிழடு, அம்மா காதும் கிழடு'' என்றார். காது டாக்டரிடம் அழைத்துப் போக நாள்கூடக் குறித்தாகிவிட்டது. ''கண்ணுதான் போச்சுனா காதையும் போச்சுங்கானுவ'' என்று பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை என்னால் பார்க்க முடியவில்லை. கடைத்தெருவுக்குப் போய் அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன்.

வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ரேடியோவை இருந்த இடத்திலேயே மெதுவாகத் திருப்பினார். ஒரு பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடியது, இன்னொரு பக்கம் குறைந்தது. ''பெட்டிக்குள்ள கோளாறுன்னா திருப்புனா குறையாது தம்பி. இது வெளிய இருந்து வருது'' என்றார். டிரான்சிஸ்டருக்குள் ஃபெர்ரைட் என்ற கறுப்புக் குச்சி ஒன்று இருக்கும். அதுதான் ஏரியல். அது திசை பார்த்து வாங்கும். அதனால் ரேடியோவைத் திருப்பியே இரைச்சல் வரும் பக்கத்தை ஓரளவு மோப்பம் பிடித்துவிடலாமாம்.

அடுத்து, பேட்டரியில் ஓடிய அந்தப் பெட்டியைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப் போனார். கணீரென்று பாடியது! உள்ளே வந்து ஃபேன், டியூப்லைட், டி.வி. என்று ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார். இரைச்சல் அசையவில்லை. கடைசியில் அலமாரிப் பக்கம் போய் ஒரு ப்ளக்கைப் பிடுங்கினார். வண்டு செத்தது!

பேரன் ஆசையாக வாங்கிவந்த டிஜிட்டல் கடிகாரம். சிவப்பு எண்களில் பளிச்சென்று நேரம் காட்டுவது. நேரம் பார்க்க முடியாத பெரியம்மாவின் தலைமாட்டில்தான் அதை வைத்திருந்தார்கள்.

அது எப்படி இரைகிறது? அந்தக் கடிகாரத்தில் நான்கு எண்களும் ஒரே சமயத்தில் எரிவதாகத்தானே நினைக்கிறோம்? இல்லை. ஒன்று மாற்றி ஒன்றாக, விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை எரிந்து அணைகின்றன. நம் கண் ஏமாந்துபோகிறது. ஒவ்வொரு தடவையும் மின்சாரம் படியேறுகிற மாதிரி சட்டென்று ஏறி, சட்டென்று இறங்குகிறது. இப்படிச் சட்டென்று ஏறி இறங்குகிற எந்த அலைக்குள்ளும், அதன் மடங்குகளாக எண்ணற்ற அதிர்வுகள் ஒளிந்திருக்கும். 1822-ல் வெப்பத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட கணக்கு இது. அந்த மடங்குகள் ஏறி ஏறி, நெல்லை வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தாண்டி, களைத்து வருகிற குரலை, தலைமாட்டில் இருக்கிற கடிகாரம் அமுக்கிவிடுகிறது.

''தூக்கிப் போட்டுருவோமா?'' என்றேன். ''புள்ளை ஆசையா வாங்குனது. எதுக்குப் போடணும்?'' என்று கடிகாரத்தைக் கழற்றினார் அண்ணாச்சி. சிப்பின் கால்களை ஒட்டி, 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கால் நீளாமல் பற்றவைத்தார்.

''மெயின் அருவியில பொங்குமாங்கடல் இருக்குல்லா? அதுதான் இது'' என்றார். குற்றாலத்தில் குளித்தவர்களுக்குப் புரியும். மேலிருந்து விழுகிற தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான குழியில் விழுந்து, வேகம் தணிந்து, அப்புறம்தான் வழிகிறது. நேராக விழுந்தால் தலை தாங்குமா? கெபாசிட்டரும் அப்படித்தான். சிப் திடுதிப்பென்று கேட்கிற மின்சாரத்தைப் பக்கத்திலேயே தேக்கிவைத்துக் கொடுக்கும். அந்த அதிர்ச்சி ஒயர் வழியே வீடு முழுக்க ஓடாது.

எண்களுக்குப் போகிற ஒயர்களில் சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள் போட்டார். சட்டென்று ஏறுவது கொஞ்சம் சாய்வாக ஏறும். நீளமாகத் தொங்கிய ஒயர்களை வெட்டிக் குறைத்து, போகிற ஒயரையும் திரும்புகிற ஒயரையும் முறுக்கிவிட்டார். இரண்டும் விலகி நின்றால் அந்த வளையமே ஏரியலாகிவிடுமாம். கடைசியாக, கரன்ட் ஒயரை ஒரு ஃபெர்ரைட் வளையத்தில் நாலு சுற்று சுற்றினார். கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்றினார். இரைச்சல் முழுசாகப் போய்விடவில்லை. காதைத் தீட்டினால் கேட்கும். ஆனால், பேச்சு தெளிவாகக் கேட்டது. பெரியம்மா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, ''என் காது நல்லாத்தான் இருக்குனு அவன்கிட்ட சொல்லுய்யா'' என்றார்.

இது தென்காசிப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1970-களின் கடைசியில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வர ஆரம்பித்ததும், டி.வி-க்களில் கோடு விழுந்தது. 1979-ல் அந்த நாட்டு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. டி.ஆர்.எஸ்-80 என்ற பிரபலமான கம்ப்யூட்டரின் முதல் மாடல், புதிய விதிக்கு ஒத்துவராமல் 1981-ல் கடையைக் கட்டியது. நம் ஊட்டியில், முத்தோரை மலைச்சரிவில் 1970-லிருந்து 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. நட்சத்திரக் கூட்டங்களிலிருந்து வரும் நூலிழை போன்ற சிக்னலைக் கேட்கிற காது அது. பக்கத்தில் ஒரு மட்டமான சர்க்யூட் இரைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள்.

இன்றைக்குப் பல கம்ப்யூட்டர்களில் இன்னொரு தந்திரம் செய்கிறார்கள். க்ளாக்கின் வேகத்தைத் துளியூண்டு கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இரைச்சல் ஒரே இடத்தில் குவியாமல் பரவிவிடும். மொத்த இரைச்சல் குறைவதில்லை, உச்சம்தான் குறைகிறது. பெரிய செலவைப் பத்துத் தலைப்பில் பிரித்து எழுதுகிற கணக்கு... இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது!

இப்போது மட்டமான எல்.இ.டி. பல்பும், விலை மலிவான சார்ஜரும் வீட்டுக்கு வீடு இரைகின்றன. மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றையும் மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். அவர்கள் புகார் சொன்னால் நாம் சந்தேகப்படுவது அவர்கள் காதைத்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ''என்னமோ இரையுது'' என்றால், காது டாக்டருக்கு போன் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்கிப்பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்!