சுமையின்றி ஓடும் இயந்திரம்

2012 ஜூலை 30 அன்று வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் அதனுடன் சாய, 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பரப்பு மின்சாரம் இழந்தது. மருத்துவமனைகள் டீசல் ஜெனரேட்டர்களை நம்பி நின்றன.

ஜெனரேட்டரின் திறனைக் கணக்கிடும் முறையைப் பொறியாளர் கல்லூரியிலேயே கற்றுவிடுகிறார். தேவைப்படும் கணத்தில் அது ஏன் இயங்க மறுக்கிறது என்பதைப் பணிக்காலமே கற்பிக்கிறது. அதன் பேட்டரி வலுவிழந்திருக்கலாம். நெடுநாள் தேங்கிய டீசலில் நீர் சேர்ந்திருக்கலாம். வெள்ளம் புகும் அடித்தளத்தில் இயந்திரம் நிறுவப்பட்டிருக்கலாம். மாதந்தோறும் சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓட்டிப் பதிவேட்டில் கையொப்பமிடும் வழக்கமும் காப்பதில்லை. அவ்வாறு ஓடும் டீசல் இயந்திரத்தில் எரியாத எரிபொருளும் கரியும் படிகின்றன. உண்மைச் சுமையை அது ஏற்குமா என்பதும் தெரியாமலே போகிறது.

இவற்றைக் கற்பிக்கவே தொடர்கல்வி. ஆயினும் இந்தியாவில் மருத்துவருக்கு இருப்பது போன்ற சட்டப்படியான தேசியப் பதிவு பொறியாளருக்கு இல்லை. ஆகவே அறிவைப் புதுப்பித்துக்கொள்வது பெரும்பாலும் அவரவர் மனச்சான்றைச் சார்ந்ததாகிறது. இரண்டு நாள் வகுப்பு ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுமாயின், அக்கல்வியும் சுமையின்றி ஓடிய ஜெனரேட்டரே. அதன் குறை மின்சாரம் நின்ற பிறகே வெளிப்படும். அப்போது அறுவை அரங்கில் ஒருவர் மயக்க நிலையில் கிடப்பார்.