தத்துவத் துறையில் நாம் கற்றது

தத்துவம் படித்தால் வேலை கிடைக்காது. கிடைத்தாலும் ஈமான் நிலைக்காது. நம் குடும்பங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் தீர்ப்பு இது. சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், நம் தங்கையின் கணவர் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இந்தத் தீர்ப்பை மறுபடியும் வாசித்தார். பி.ஏ. முடித்திருந்த அவருடைய மகள், மேற்படிப்புக்குத் தத்துவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"மச்சான், இது நீங்கள் மூட்டிய நெருப்பு. நீங்களே அணைத்துவிடுங்கள்" என்றார் அவர்.

நெருப்பை மூட்டியவர் நாம்தாம் என்பதை மறுப்பதற்கில்லை. 1988 முதல் 1990 வரை சென்னைப் பல்கலைக் கழகத்தின் தத்துவத் துறையில் நாம் மாணவராக இருந்தோம். அந்நாளில் வாப்பாவும் இதே தீர்ப்பைத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, நம் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு ரயிலடி வரை வந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் கற்றது என்ன என்று யாரும் அதுவரை நம்மைக் கேட்டதில்லை. மச்சான் கேட்காமலே கேட்ட அன்றுதான் அதைச் சொல்லவேண்டிய கடமை நமக்கு வந்தது.

சேப்பாக்கத்தில், கடற்காற்று வந்து மோதும் வளாகத்தில் இருந்தது அந்தத் துறை. 1927-இல் தொடங்கப்பெற்று, எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரியார் தலைமையில் வளர்ந்தது. அவருக்குப் பின் டி.எம்.பி. மகாதேவன் அதன் புகழை நாடு கடந்தும் பரப்பினார். 1964-இல் உயராய்வு மையமாயிற்று. 1976-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரைத் தாங்கிற்று. அத்வைத ஆராய்ச்சிக்குப் பேர்பெற்ற அவ்விடத்தில் ஒரு முஸ்லிம் மாணவனுக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. உள்ளே நுழைந்த முதல் வாரத்தில் நாமும் அதையே நம்மிடம் கேட்டுக்கொண்டோம்.

நம் வகுப்பில் அதிகம் பேர் இல்லை. கும்பகோணத்து ஸ்மார்த்தக் குடும்பத்து இளைஞர் ஒருவர், நெல்லைச் சீமையின் சைவப் பெண்மணி ஒருவர், கேரளத்திலிருந்து வந்த பாதிரியார் ஒருவர், கறுப்புச் சட்டையையே விரும்பி அணியும் பகுத்தறிவாளர் ஒருவர், இவர்களோடு நாம். பகல் உணவைப் பகிர்ந்து உண்போம். பகுத்தறிவாளருக்கும் பாதிரியாருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் பாதிரியாரின் மீன் குழம்புக்கு முதல் ஆளாகக் கை நீட்டுபவர் பகுத்தறிவாளரே.

வாரம் ஒருமுறை கருத்தரங்கு நடக்கும். ஒருவர் கட்டுரை வாசிக்க, மற்றவர்கள் கேள்வி எழுப்புவார்கள். நம் முறை வந்தபோது, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவவாதிகளை மறுத்த வரலாற்றை எழுதிக் கொண்டுபோனோம். இருபது பக்கம். இப்னு சீனாவுக்கு அதில் அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருந்தோம். அவ்வரைப் பக்கத்திலும் அவரை நகையாடியிருந்தோம். வாசித்து முடித்ததும் கைதட்டலை எதிர்பார்த்து நிமிர்ந்தோம்.

பேராசிரியர் அமைதியாக ஒன்று கேட்டார்: "இப்னு சீனா இப்போது அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால், 'ஆம், நான் சொன்னது இதுதான்' என்று ஒப்புக்கொள்வாரா?"

நாம் பதில் சொல்லவில்லை. சொல்ல இயலவில்லை என்பதே உண்மை. இப்னு சீனாவின் ஒரு நூலையேனும் நாம் படித்திருக்கவில்லை.

"உங்கள் இமாம் படித்தாரே!" என்றார் பேராசிரியர்.

அந்த ஒரு சொல் நம்மை நூலகத்துக்கு விரட்டியது. ஹிஜ்ரி 484-இல், அதாவது கி.பி. 1091-இல், பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியராக அமர்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, கிடைத்த ஓய்வு வேளைகளில் தத்துவ நூல்களைத் தாமாகவே படித்தார். இரண்டாண்டுக்குள் அக்கலையைக் கற்று, மேலும் ஓராண்டு அதையே சிந்தித்துக்கொண்டிருந்ததாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதுகிறார். ஒரு கலையில் தலைசிறந்தவருக்குச் சமமாக அதனை அறியாதவன், அதன் குறையை அறியமாட்டான் என்பது அவர் கொள்கை. 'தஹாஃபுத்' என்ற மறுப்பு நூலை எழுதியவரே 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்ற நூலில் தத்துவவாதிகளின் கருத்துகளை மட்டும் தெளிவுற எடுத்துரைத்தார். எவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்தார் என்றால், அதனை இலத்தீனில் பெயர்த்துப் படித்த ஐரோப்பியப் புலவர் பலர், கஸ்ஸாலியையும் அத்தத்துவவாதிகளில் ஒருவர் என்றே எண்ணிவிட்டனர்! மறுக்கப் புறப்பட்ட ஒருவருக்கு இதைவிட உயர்ந்த நற்சான்று வேறு உண்டா?

பேராசிரியர் நம்மை விட்டுவிடவில்லை. அடுத்த மாதம் இப்னு சீனாவின் தரப்பில் மட்டும் நாம் பேசவேண்டும். இமாமின் தரப்பில் பகுத்தறிவாளர் பேசுவார் என்று அறிவித்தார். நமக்குச் சினம் வந்தது. இறைவனே இல்லை என்பவர் இமாம் கஸ்ஸாலிக்காக வழக்காடுவதா?

அந்த நாள் வந்தது. பகுத்தறிவாளர் எழுந்து, இமாமின் பஞ்சு உவமையை எடுத்துக்கொண்டார். பஞ்சை நெருப்பு தொடுகிறது, பஞ்சு எரிகிறது. நாம் கண்டது என்ன? தொட்டபோது எரிந்தது என்பதைக் கண்டோம். தொட்டதனால் எரிந்தது என்பதை எங்கே கண்டோம்? இரண்டும் சேர்ந்து வருவதைக் காண்பது ஒன்று. ஒன்றுக்கு மற்றது கட்டாயம் என்று காண்பது வேறொன்று. இதே வினாவைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவில் ஹியூம் எழுப்பினார் என்பதையும் சொல்லி, ஆனால் இமாம் அதனை இறைவனின் ஆற்றலை நிலைநாட்டவே எழுப்பினார் என்ற வேறுபாட்டையும் மறைக்காமல் எடுத்துரைத்து அமர்ந்தார்.

நாம் மதரஸாவில் ஓதியவர். இமாமின் பெயரைச் சிறுவயது முதல் மரியாதையோடு கேட்டு வளர்ந்தவர். ஆயினும் அவருடைய சிந்தனையின் கூர்மையை முதன்முதலில் நமக்குக் காட்டியவர் அந்தக் கறுப்புச் சட்டை நண்பர்தாம். அவர் அன்றும் நம் மார்க்கத்துக்கு வந்துவிடவில்லை. நாமும் அவருடைய கொள்கைக்குப் போய்விடவில்லை. ஆனால் இருவரும் மறுநாள் முதல் ஒருவரையொருவர் வேறு விதமாகப் பார்த்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் வாப்பா மறைந்தபோது, இரவெல்லாம் பேருந்தில் வந்து, ஜனாஸா தொழுகை முடியும்வரை பள்ளிவாசலின் வெளியே வெயிலில் நின்றவர் அவர்.

தத்துவத் துறை என்பது எல்லாவற்றையும் சந்தேகிக்கக் கற்றுத்தரும் இடம் என்று வெளியில் உள்ளோர் நினைக்கிறார்கள். நாம் கண்டது வேறு. மாற்றானின் கருத்தை, அவனே மகிழும்படி எடுத்துச் சொல்லக் கற்றுத்தரும் இடம் அது. இந்த ஒழுக்கம் நம் தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. மணிமேகலை, சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சிவஞான சித்தியார், பிறர் மதங்களைக் கூறும் பரபக்கத்தை முதலில் வைத்து, தன் மதமாகிய சுபக்கத்தைப் பின்னரே வைக்கிறது.

ஆசிரியர் மாணவர் உறவிலும் இதே ஒழுக்கம் துலங்குகிறது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் படித்த இராதாகிருஷ்ணன், வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டை மறுத்து 1908-இல் தம் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். அதனைப் பாராட்டிச் சான்று வழங்கியவர் அவருடைய ஆசிரியரான கிறிஸ்துவ மிஷனரி ஏ.ஜி. ஹாக். அல்லாமா இக்பால் 1905-இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர், இறைவனை நம்பாத மக்டேகர்ட். காலம் என்பதே மெய்யன்று என்று வாதிட்டவர் அவர். காலம் மெய் என்று வாதிட்டு, தம் ஆசிரியரை வெளிப்படையாக மறுத்தார் இக்பால். ஆயினும் அவர்பால் கொண்ட மதிப்பை இறுதிவரை கைவிடவில்லை. அவ்வாறு மறுத்த சிந்தனைகள் அடங்கிய சொற்பொழிவுகளில் மூன்றை, 1929 ஜனவரியில் சென்னை முஸ்லிம்களின் அழைப்பின்பேரில் நம் சென்னை நகரிலேயே நிகழ்த்தினார். தத்துவத் துறையில் பயின்றதால் அவருடைய ஈமான் தேய்ந்ததென்று எவர் சொல்வார்?

இவையனைத்தும் திண்ணையில் நம் நாவுக்கு வந்து நின்றன. ஆனால் அவற்றைக் கொட்டிவிட்டால், அரைப் பக்கத்தில் இப்னு சீனாவை நகையாடிய அதே பழைய மாணவனாகத்தானே இருப்போம்? எனவே முதலில் மச்சானின் தரப்பைச் சொன்னோம்.

"மச்சான், நீங்கள் அஞ்சுவது இது. கல்லூரி வேலைகள் சில. அவற்றுக்குக் காத்திருப்போர் பலர். தேர்வும் ஆய்வுப் பட்டமும் என்று ஆண்டுகள் ஓடும். அதற்குள் திருமண வயது கடந்துவிடும். இறைவனைப் பற்றி அவள் கேள்வி கேட்டால், பதில் சொல்லும் கல்வி உங்களிடம் இல்லை. அக்கேள்வியோடு அவள் தனித்து நின்றுவிடுவாள். சரிதானா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "நான் சொன்னதைவிடச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள்" என்றார்.

அதன் பின்னரே நம் பதிலைச் சொன்னோம். வேலைக்கு உறுதி சொல்ல நம்மால் இயலாது என்பதை மறைக்கவில்லை. ஈமானைப் பற்றிக் கேட்டீர்களானால், அங்கே நாம் இழந்தது ஆணவம் ஒன்றைத்தான் என்றோம். அவர் முகம் தெளியவில்லை. அப்போது நமக்கு ஒன்று தோன்றிற்று. பெண்ணை அழைத்து, "உன் விருப்பத்தைச் சொல்லவேண்டாம், உன் வாப்பாவின் தரப்பைச் சொல்" என்றோம்.

அவள் கதவோரம் நின்றவாறே நாம் சொன்னவற்றையெல்லாம் சொன்னாள். பிறகு தயங்கி, நாம் இருவரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்:

"வாப்பா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடைக்குப் போனவர்கள். நான் இதைப் படித்து முடித்தால், அதன் பிறகு அவர்களோடு பேச எனக்கு ஒன்றும் இராது என்று அஞ்சுகிறார்கள்."

மச்சான் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மஃக்ரிபுக்குப் பாங்கு ஒலித்தது. எழுந்தபோது, "விண்ணப்பத்தை எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவள் அந்தத் துறையில் படித்துவருகிறாள். வேலை கிடைக்குமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் கடையை அடைத்துவிட்டு, மச்சான் அவளோடு தொலைபேசியில் பேசுகிறார். நலம் விசாரித்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்:

"இந்த வாரம் யாருக்காக வாதாடினாய், மகளே?"