நானே தொகுத்த செயலி

சொந்தக் கையால் செய்துகொண்ட பொருளின் மீது மனிதனுக்கு ஒரு தனி அபிமானம் இருக்கத்தான் செய்கிறது. கடை ஊறுகாய் எவ்வளவு ருசியாக இருந்தாலும், வீட்டு ஜாடியைப் பற்றிப் பேசும்போது நம் குரலே மாறிவிடுகிறது. ஆனால் அந்த ஜாடியை நாள் தவறாமல் கிளறிவிடுவதும், எண்ணெய் குறைந்தால் ஊற்றுவதும் நம் பொறுப்புத்தான். கடைக்காரர் வந்து கவனிக்க மாட்டார்.

கணினியிலும் இதே நியாயம் செல்லுபடியாகிறது. 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸைத்தான் நான் எழுத்து வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு வேண்டிய செயலிகளில் பெரும்பாலானவற்றை அதன் விநியோகக் குழுவினரே தொகுத்துத் தந்துவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் நானே தொகுத்துக்கொண்டேன். மின்னஞ்சல்களை இழுத்துவந்து என் கணினியில் அடுக்கிவைக்கும் சிறு செயலி அது. மூல நிரலை எடுத்து, கடிதங்கள் நான் விரும்பும் வரிசையில் சேரும்படி நாலைந்து வரிகளைத் திருத்தியிருந்தேன். இப்போது உயிரோடு இல்லாத இரண்டு நண்பர்களின் கடைசிக் கடிதங்கள் அதன் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தன.

2023-ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸின் புதிய பதிப்புக்கு மாறினேன். பழைய பதிப்பின் மிச்சங்களும் நீக்கப்பட்டன. மறுநாள் அந்தச் செயலி கையை விரித்துவிட்டது. 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1' என்ற கோப்பு அகப்படவில்லையாம்!

இதில் எவர் மீதும் குற்றமில்லை. எல்லாச் செயலிகளும் தமக்கு வேண்டிய சகலத்தையும் தாமே சுமந்து திரிவதில்லை. பிறர் படிக்க முடியாதபடி செய்தியை மறைத்து அனுப்புவது, படங்களைத் திறந்து காட்டுவது போன்ற பொது வேலைகளுக்கென்று பகிர்வு நூலகங்கள் இருக்கின்றன. தெருவுக்கு ஒரு பொதுக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்களேன். நூலகத்தின் பெயரோடு ஒட்டியிருக்கும் எண் ஒரு வாக்குறுதி. அது மாறாதவரை உள்ளே என்ன பழுது பார்த்தாலும் பழைய செயலிகள் ஓடும். செயலியும் நூலகமும் பேசிக்கொள்ளும் முறை மாறினால் எண்ணும் மாறும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நூலகம் 2021 செப்டம்பரில் 3.0 ஆனபோது அப்படித்தான் மாறிற்று. உபுண்டு 2022 ஏப்ரலிலும், டெபியன் 2023 ஜூனிலும் புதிய எண்ணுக்குத் தாவின. தங்கள் பதிவேட்டிலுள்ள செயலிகளை அதற்கேற்ப மறுபடியும் தொகுத்தே அனுப்பினார்கள். என் செயலியோ எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது. பழைய கிணற்றை நம்பி இன்னும் ஒரு ஜீவன் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"ஏன் சார் வீண் சிரமம்? பழைய கோப்பையே தேடிப் பிடித்துப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுங்கள்!" என்றார் விஷயம் தெரிந்த இளைஞர் ஒருவர்.

பெயரை மாற்றி ஏமாற்றுவது பலிக்காது. செயலி பெயரோடு நிற்காமல், உள்ளே பொறித்திருக்கும் பதிப்பு அடையாளத்தையும் கேட்கிறது. பழைய கோப்பைப் போட்டால் ஓடும்; வாஸ்தவம். ஆனால் 1.1.1 பதிப்புக்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. 2014-ல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில்தான் தெரியவந்தது. சேவைக் கணினிகளின் நினைவிலிருந்து கடவுச்சொற்கள்கூடக் கசியக்கூடிய நிலைமை. அன்று நூலகத்தை ஓரிடத்தில் சரிசெய்து செயலிகளை மறுபடி தொடங்கியதும், அந்த நூலகத்தை நம்பியிருந்த அத்தனை செயலிகளுக்கும் அந்த ஓட்டை அடைபட்டது. நூலகத்தைத் தனக்குள்ளேயே விழுங்கி வைத்திருந்த செயலிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொகுக்க வேண்டியிருந்தது. நண்பர்களின் கடிதங்கள் இருக்கும் அறைக்கு, பழுதுபார்க்க ஆளில்லாத பூட்டை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி தொகுப்பது என்றே தீர்மானித்தேன். 'எல்டிடி' என்ற கட்டளை, எந்தெந்த நூலகங்கள் அகப்படவில்லை என்று பட்டியல் போட்டுக் காட்டிற்று. புதிய நூலகத்தின் தலைப்புக் கோப்புகளை நிறுவினேன். முன்பு தொகுத்ததில் தங்கிப்போன பாதிப் பண்டங்களைத் துடைத்தெறிந்தேன். பழைய மாவில் புது மாவைக் கலந்தால் என்ன ஆகுமென்று சமையலறை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தொகுக்கும் கட்டளை. சில வேலைமுறைகள் விரைவில் விடைபெறப்போகின்றன என்று எச்சரிக்கைகள் வரிசையாக ஓடின. டம்ளரில் இருந்த காப்பி ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

இது எதனால் சாத்தியமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். என் சாமர்த்தியத்துக்கு இதில் அதிகப் பங்கில்லை. மூல நிரல் கையில் இருந்தது, அவ்வளவுதான். ஓடும் கோப்பை மட்டும் வைத்திருந்தால், பழைய நூலகத்தோடு அதுவும் போயிருக்கும். எதையும் தானே தொகுத்துக்கொள்ள விரும்புகிறவர், மூல நிரலையும், செய்த திருத்தங்களையும், கொடுத்த கட்டளைகளையும் ஒரே இடத்தில் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எண் இன்னும் மாறும். அன்றைக்கு இந்த வேலையை நான் செய்வேனோ, என் பிள்ளைகளில் ஒருவர் செய்வாரோ, கடிதங்கள் திறந்தால் சரி.